சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

– பழைய மாணவி ஒருத்தி

மதிய உணவு முடிந்து மணி அடித்ததும் வருகிற முதல் பாடவேளை சரித்திரம் என்றால், வகுப்பில் பாதிப் பேருக்குக் கண் சொருகிவிடும். மீதிப் பாதிப் பேர் புத்தகத்துக்குள் வேறொரு புத்தகத்தை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். நான் இதே பள்ளியின் மர பெஞ்சில் உட்கார்ந்து அவ்வாறு தூங்கியவள்; பின்னாளில் வேறொரு பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாகி, அவ்வாறு தூங்கும் பிள்ளைகளை எழுப்ப முயன்றவள். இரண்டு பக்கமும் நின்று பார்த்தவள் என்கிற உரிமையில், நம் ஆண்டு மலரின் வாயிலாகச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். அன்புத் தங்கைகளும், அருட்சகோதரிகளும், பெற்றோர்களும் பொறுமையோடு கேட்க வேண்டும்.

சமூக அறிவியல் பாடம் சலிப்பூட்டுகிறது என்று சொல்லாத வீடில்லை. "ஆண்டுகளை மனப்பாடம் செய்வதைத் தவிர அதில் என்ன இருக்கிறது?" என்று கேட்காத மாணவியும் இல்லை. ஆனால் அப்பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியைக்கு நாம் என்ன கொடுத்திருக்கிறோம் என்று யாராவது கேட்டதுண்டா? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? சட்டியை வெறுமையாக வைத்துவிட்டு அகப்பையைக் குறை சொல்வது எந்த ஊர் நியாயம்?

வெறும் சுவரும் பழைய வரைபடமும்

எந்தப் பள்ளியை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். விஞ்ஞானத்திற்கு ஓர் ஆய்வுக்கூடம் இருக்கும். கண்ணாடிக் குழாய்கள், அமிலங்கள், நுண்ணோக்கி, அவற்றைக் கழுவித் துடைக்க ஓர் உதவியாளர் கூட இருப்பார். கணினிக்கு ஓர் அறை உண்டு. விளையாட்டிற்கு மைதானமும் பந்தும் உண்டு. சமூக அறிவியலுக்கு என்ன உண்டு? ஆணியில் தொங்கும் ஓர் இந்திய வரைபடம். அதுவும் எத்தகையது? நான் வேலைக்குச் சேர்ந்த பள்ளியில் தொங்கிய வரைபடத்தில், 2014ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிறந்த தெலங்கானா, பிறந்து ஐந்தாண்டுகள் ஆகியும் இடம்பெறவில்லை. "டீச்சர், பாடப் புத்தகத்தில் ஒரு மாதிரி இருக்கிறது, சுவரில் ஒரு மாதிரி இருக்கிறதே!" என்று ஒரு சிறுமி எழுந்து கேட்டாள். கெட்டிக்காரி! அவளுக்குப் பதில் சொல்ல நான் சாக்பீஸை எடுத்து வரைபடத்தின் மேலேயே கோடு போட வேண்டியதாயிற்று.

பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வைப் பாருங்கள். அறிவியல் பாடத்தின் 100 மதிப்பெண்களில் 25 மதிப்பெண்கள் செய்முறைக்கு உரியவை. ஆதலால் செய்முறைக்குப் பொருள் வாங்கியே தீரவேண்டும். சமூக அறிவியலிலோ 100 மதிப்பெண்களும் எழுத்துத் தேர்வுக்கே. செய்து பார்க்க ஒன்றுமில்லை என்று மேலிடமே முடிவு கட்டிவிட்டால், பள்ளிகள் ஏன் பணம் செலவழிக்கப் போகின்றன?

ஆனால் செய்து பார்க்க ஒன்றும் இல்லையா? வாக்களிப்பது செய்முறை அல்லவா? வரி கட்டுவது செய்முறை அல்லவா? ஊர்க் குளம் தூர்ந்து போனதற்கு மனு எழுதுவது செய்முறை அல்லவா? உப்புக்காகிதமும் அமிலமும் நம் பிள்ளைகளில் சிலருடைய வாழ்க்கையில்தான் பிறகும் வரும். ஆனால் ரேஷன் அட்டையும், வாக்காளர் அட்டையும், பட்டாவும், நகராட்சி நோட்டீசும் ஒவ்வொரு பெண்ணின் வாழ்க்கையிலும் வந்தே தீரும்!

"சரித்திரத்துக்கு என்ன மாநாடு?"

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், பக்கத்து மாவட்டத் தலைநகரில் சமூக அறிவியல் ஆசிரியர்களுக்காக இரண்டு நாள் கருத்தரங்கு நடப்பதாக அறிந்தேன். அனுமதி கேட்டுத் தலைமை ஆசிரியை அவர்களிடம் போய் நின்றேன். அவர் கெட்டவர் அல்லர், கடமையில் கண்ணானவர். ஆயினும், "கணக்கு, விஞ்ஞானம் என்றால் அனுப்பலாம்மா. சரித்திரத்துக்கு என்ன மாநாடு? அசோகர் போன வருஷம் நட்ட மரத்தையா இந்த வருஷம் வெட்டிவிட்டார்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டார். அறையில் இருந்த மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வெளியே வந்தேன். வராந்தாவுக்கு வந்த பிறகுதான் கண்ணில் நீர் வந்தது.

சம்பளமில்லா விடுப்புப் போட்டுவிட்டு, சொந்தப் பணத்தில் பஸ் ஏறிப் போனேன். பெரிய பேராசிரியர்கள் பேசினார்கள். அவை இப்போது நினைவில் இல்லை. இரண்டாம் நாள் பிற்பகல், ஒரு சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர் எழுந்து ஒரு மஞ்சள் துணிப்பையைத் திறந்தார். அதிலிருந்து ஒரு ரேஷன் அட்டை, ஒரு பட்டா நகல், ஒரு மின் கட்டண அட்டை, ஒரு கல்யாணப் பத்திரிகை, ஒரு பழைய தபால் கவர் ஆகியவற்றை எடுத்து மேசைமேல் வைத்தார். "இவை ஐந்தும் எங்கள் ஊர் வீட்டுப் பெட்டியில் கிடைத்தவை. எட்டாம் வகுப்புக் குடிமையியல் முழுவதையும் இவற்றை வைத்தே நடத்துகிறேன்" என்றார். அட்டையை வழங்கியது எந்த அரசு? பட்டாவில் யார் பெயர் இருக்கிறது? அம்மா பெயர் ஏன் இல்லை? பத்திரிகையில் பெரியப்பாவின் ஊர் ஏன் ரங்கூன் என்று இருக்கிறது? இப்படிப் பிள்ளைகள் கேட்பார்களாம். பாடம் தானாக நடக்குமாம்.

எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. நான் இரண்டு ஆண்டுகளாகப் புத்தகத்தை வாசித்து, கேள்வி பதிலை எழுதிப்போட்டுக்கொண்டிருந்தேன்! எவ்வளவு பெரிய பயிற்சிக் கல்லூரியும் சொல்லித் தராததை, ஒரு மஞ்சள் பை பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிட்டது. மாநாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். ஒரு பள்ளியில் ஓர் ஆசிரியை கண்டுபிடித்தது அப்பள்ளிச் சுவருக்குள்ளேயே அடைந்து கிடக்கிறது. நூறு பள்ளி ஆசிரியர்கள் ஒரு கூரையின் கீழ்க் கூடினால் நூறு பைகள் திறக்கும்.

அசோகர் புதிதாக மரம் வெட்டவில்லை என்பது உண்மைதான். ஆனால் சரித்திரம் மாறுவதில்லை என்பது உண்மையல்ல. சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் 2014-15ஆம் ஆண்டில் அகழாய்வு தொடங்கியது. 2019ஆம் ஆண்டு தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை, அங்குள்ள பண்பாட்டின் காலத்தைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை பின்னுக்குக் கொண்டு சென்றது. 2017ஆம் ஆண்டு ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்து, பொருளியல் பாடத்தின் வரி அத்தியாயத்தையே மாற்றி எழுத வைத்தது. தமிழ்நாட்டில் இன்று 38 மாவட்டங்கள். என் இளமையில் நான் மனப்பாடம் செய்த எண்ணிக்கையைச் சொன்னால் பூஜ்யம்தான் கிடைக்கும். இத்தனையும் மாறும்போது ஆசிரியை மட்டும் பட்டம் வாங்கிய ஆண்டிலேயே நிற்க வேண்டுமா?

கடல் கடந்த ஓர் எடுத்துக்காட்டு

இவ்விஷயத்தில் அமெரிக்க நாட்டு ஆசிரியர்கள் செய்திருப்பதை அறிந்துகொள்வது நல்லது. அங்கே சமூகக் கல்வி ஆசிரியர்களுக்கென்று ஒரு தேசிய மன்றம் 1921ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. ஆண்டுதோறும் ஒவ்வொரு நகரத்தில் மாநாடு கூட்டுகிறார்கள். அங்கே மேடையேறுபவர்கள் பேராசிரியர்கள் மட்டுமல்லர். வகுப்பறை ஆசிரியர்களே தாங்கள் நடத்திய பாடத்தை நடத்திக் காட்டுகிறார்கள். 1937 முதல் அவர்களுக்கென்று ஒரு பத்திரிகையும் வெளிவருகிறது. புதிய முறையில் பாடம் நடத்தக் கனவு காணும் வகுப்பறை ஆசிரியருக்கு, அக்கனவை நனவாக்கச் சிறு தொகை கொடுக்கும் வழக்கமும் அம்மன்றத்தில் ஏற்பட்டது.

அந்த உதவித்தொகை யாருடைய பெயரில் ஏற்பட்டது தெரியுமா? கிறிஸ்டா மக்காலிஃப் என்னும் பெண்மணியின் பெயரில். விண்வெளிக்குச் செல்ல முதன்முதலாக ஓர் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கப் போகிறோம் என்று அமெரிக்க விண்வெளி நிறுவனம் அறிவித்தபோது, 11,000க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் விண்ணப்பித்தார்கள். 1985ஆம் ஆண்டு அவர்களுள் தேர்ந்தெடுக்கப்பட்டவர், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துக் கான்கார்ட் நகர உயர்நிலைப் பள்ளியில் பணியாற்றிய இந்த அம்மையார். தங்கைகளே, கவனியுங்கள்: அவர் பௌதிக ஆசிரியை அல்லர், கணித ஆசிரியையும் அல்லர், சமூகக் கல்வி ஆசிரியை! அமெரிக்கப் பெண்களின் வரலாற்றைத் தனிப் பாடமாகவே தம் பள்ளியில் நடத்தியவர். மன்னர்களும் தளபதிகளும் மட்டும் சரித்திரம் அல்ல, சாமானியப் பெண்கள் எழுதிய நாட்குறிப்பும் கடிதமும் சரித்திரமே என்று நம்பியவர். முற்காலத்தில் கூண்டு வண்டிகளில் மேற்கு நோக்கிப் போன பெண்கள் நாட்குறிப்பு எழுதியதைப் போல, தாமும் விண்வெளிப் பயணத்தை நாட்குறிப்பாக எழுதுவேன் என்று சொல்லியிருந்தார்.

1986ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் 'சேலஞ்சர்' ஓடம் கிளம்பிய 73ஆவது விநாடியில் வானிலேயே சிதறியது. அதில் இருந்த எழுவரும் மாண்டனர். அவருடைய மாணவ மாணவியர் அக்காட்சியைத் தம் பள்ளியில் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. அவருக்குச் சிலை வைப்பது எளிது. ஆனால் அவருடைய சக ஆசிரியர்கள் அவர் பெயரில், வகுப்பறையில் நிற்கும் இன்னோர் ஆசிரியருக்குக் கைகொடுக்கும் நிதியையும் ஏற்படுத்தினார்களே, அதுவன்றோ உயிருள்ள நினைவுச் சின்னம்!

நம் நாட்டில் சொல்லும் செயலும்

நம் நாட்டிலும் நல்ல வார்த்தைகளுக்குப் பஞ்சமில்லை. 1964-66ஆம் ஆண்டுகளின் கோத்தாரி கல்விக்குழு, ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இரண்டு மூன்று மாதப் பணியிடைப் பயிற்சி தேவை என்றது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரத் தொழில் வளர்ச்சிப் பயிற்சி வேண்டும் என்கிறது. 2001ஆம் ஆண்டில் தொடங்கிய அனைவருக்கும் கல்வித் திட்டத்தில், கற்பிக்கும் பொருள்கள் வாங்க ஓர் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் கொடுத்தார்கள். அந்த 500 ரூபாயில் சார்ட்டுத் தாளும், ஸ்கெட்ச் பேனாவும், களிமண்ணும் வாங்கி அதிசயம் செய்த ஆசிரியைகளை நான் அறிவேன். தொகை சிறிதாயினும் "இது உன் கையில், நீயே தீர்மானித்துக்கொள்" என்று கொடுத்த நம்பிக்கை பெரிது.

மத்தியப் பிரதேசத்தில் 1982ஆம் ஆண்டு தொடங்கிய 'ஏகலவ்யா' நிறுவனம், ஹோஷங்காபாத் வட்டாரத்தில் சில அரசுப் பள்ளிகளோடு சேர்ந்து, ஆசிரியர்களின் துணையுடன் சமூக அறிவியல் புத்தகங்களையே புதிதாக எழுதியது. ஆசிரியர்கள் அடிக்கடி கூடிப் பேசினார்கள்; பாடத்தை நடத்திப் பார்த்துத் திருத்தினார்கள்; புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதும் தேர்வைக் கூட நடத்திக் காட்டினார்கள். 2002ஆம் ஆண்டு அம்முயற்சி நிறுத்தப்பட்டது. மேலிருந்து வரும் ஆதரவு, மேலிருந்தே போகவும் கூடும். ஆகவே நம் பள்ளியின் விளக்குக்கு நாமே எண்ணெய் ஊற்றக் கற்றுக்கொள்வதே நலம்.

கயிறும் அளவு நாடாவும்

சிறு தொகை என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். நான் பணியாற்றிய பள்ளியில், மளிகைக்கடை வைத்திருந்த ஒரு தந்தை, மகள் நன்றாகப் படிக்கிறாள் என்ற மகிழ்ச்சியில் 1,500 ரூபாயை என்னிடம் கொடுத்து, "டீச்சர், உங்கள் பாடத்துக்கு ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். அதில் அளவு நாடா, நைலான் கயிறு, பெரிய தாள், வண்ணங்கள் வாங்கினோம். ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் நான்கு சனிக்கிழமைகளில் தெருத் தெருவாக நடந்து, ஊரின் நீர் வரைபடத்தைத் தயாரித்தார்கள். எங்கே குழாய், எங்கே அடிபம்பு, எங்கே கிணறு, எங்கே ஊருணி என்று குறித்தார்கள். வயதான பாட்டிமாரிடம் உட்கார்ந்து, "நீங்கள் சிறுமியாக இருந்தபோது தண்ணீர் எங்கே எடுத்தீர்கள்?" என்று கேட்டு எழுதினார்கள். அப்போதுதான் தெரிந்தது: இன்று மினி பஸ்கள் நிற்கும் இடம் அன்று ஓர் ஊருணியாம்! ஒரு தெருப் பெண்களை அதில் இறங்க விட்டதில்லை என்பதையும் ஒரு பாட்டி சொன்னார். வகுப்பில் அன்று யாரும் தூங்கவில்லை. தீண்டாமை ஒழிப்பைப் பற்றிய அரசியலமைப்பின் 17ஆம் பிரிவை அதன்பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை, வாசித்தால் போதுமாயிருந்தது.

பள்ளிக்கு எதிர்ச் சந்தில் அடிபம்பு உடைந்து கிடந்ததைப் பற்றி நகராட்சிக்கு மனு எழுதினார்கள். முதல் மனுவுக்குப் பதில் வரவில்லை. இரண்டாவதையும் எழுதினார்கள். ஒப்புகைச் சீட்டு வந்தது. மூன்று மாதம் கழித்துப் பம்பு வந்ததா என்றால், வரவில்லை. ஆயினும் மனுவுக்குத் தேதி போடவேண்டும், நகல் வைத்துக்கொள்ளவேண்டும், சளைக்காமல் மறுபடி கேட்கவேண்டும் என்பதை அவர்கள் பதினான்கு வயதில் கற்றுக்கொண்டார்கள். இதைக் கற்க நாற்பது வயது வரை காத்திருக்கும் பெண்கள் நம்மில் எத்தனை பேர்!

எழக்கூடிய ஐயங்கள்

"பணத்துக்கு எங்கே போவது?" என்பது முதல் ஐயம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 800 மாணவியர் படிக்கும் ஒரு பள்ளியில் நான்கு சமூக அறிவியல் ஆசிரியைகள் இருப்பதாகக் கொள்வோம். ஒருவருக்கு ஆண்டுக்கு 3,000 ரூபாய் வகுப்பறை நிதி என்றால் 12,000 ரூபாய். ஒருவரை மாநாட்டுக்கு அனுப்பிவைக்க ரயில், தங்குமிடம், பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 8,000 ரூபாய். ஆக 20,000. தலைக்கு 25 ரூபாய்! ஆண்டு விழாவில் ஒரு நடனத்துக்கு வாடகைக்கு எடுக்கும் உடையின் விலை கூட இதைவிட அதிகம்.

"ஆசிரியை ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வந்துவிட்டால்?" என்பது இரண்டாவது. பூகோள ஆசிரியை ஊர் சுற்றிப் பார்த்தால் அதுவும் பாடந்தான் என்பேன்! விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உத்திரமேரூர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, 30 குடும்புகளில் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்ததை விவரிக்கிறது. அச்சுவரின் முன் நின்று பார்த்த ஆசிரியை நடத்தும் பாடத்துக்கும், புத்தகத்தை மட்டும் பார்த்த ஆசிரியை நடத்தும் பாடத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் இருக்கும். அக்கல்வெட்டில் இன்னொரு விதியும் உண்டு: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும் மீண்டும் பதவிக்கு வரமுடியாது. நாமும் அவ்விதியையே வைத்துக்கொள்வோம். நிதி பெறும் ஆசிரியை, பற்றுச்சீட்டுகளைத் தம் மாணவியரைக் கொண்டே கணக்கெழுதச் செய்யட்டும். அதுவே பொருளியல் செய்முறையாகிவிடும். மாநாட்டுக்குப் போய் வந்தவர், ஒரு மாதத்துக்குள் மற்ற ஆசிரியைகள் முன்னிலையில் ஒரு பாடம் நடத்திக் காட்டட்டும். உறவினரை மட்டும் விட்டுவிடலாம்!

"பாடம் முடிக்க நேரம் வேண்டாமா? மதிப்பெண் குறைந்துவிடாதா?" என்பது மூன்றாவது. பெற்றோரின் இக்கவலையை நான் இகழவில்லை; நானும் ஒரு தாய். ஆண்டு முழுவதும் செயல்முறையிலேயே கழிக்கச் சொல்லவில்லை. பருவத்துக்கு ஒன்று போதும். மாநாட்டுக்குப் போகும் இரண்டு மூன்று நாட்கள், மற்றோர் ஆசிரியை வகுப்பைப் பார்த்துக்கொள்ளலாம். தானே கேட்டு, நடந்து, அளந்து அறிந்த பெண் அதை மறப்பதில்லை. மறக்காதவளுக்கு மதிப்பெண் எங்கே போய்விடும்?

முடிவாக

அருட்சகோதரிகளுக்கு என் பணிவான வேண்டுகோள்: ஒரு வாசல் திறக்க அனுமதி கேட்டு வரும் ஆசிரியையை, "சரித்திரத்துக்கு என்ன மாநாடு?" என்று கேட்காமல் அனுப்பி வையுங்கள். பெற்றோர்களுக்கு: பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் மின்விசிறியைப் பற்றியும் கழிப்பறையைப் பற்றியும் பேசுகிறோம்; அவசியந்தான். அதே கூட்டத்தில் ஐந்து நிமிடம் இதைப் பற்றியும் பேசுவோம்.

என் அருமைத் தங்கைகளுக்கு: உங்கள் ஆசிரியை பணம் கேட்க மாட்டார், கூச்சப்படுவார். நீங்கள் ஒரு மஞ்சள் பை கொண்டு வாருங்கள். வீட்டுப் பெட்டியைத் திறந்து, பாட்டியின் பழைய கடிதத்தையோ தாத்தாவின் சம்பளச் சீட்டையோ கேட்டு வாங்கி அதில் போட்டு அவர் மேசைமேல் வையுங்கள். முதல் நன்கொடை உங்களுடையதாக இருக்கட்டும்.

எனக்கு அன்று வழி காட்டிய அந்தச் சிற்றூர் ஆசிரியரின் பெயரைக் கேட்டுக்கொள்ளக் கூட மறந்துவிட்டேன். அந்தக் கடனை அவருக்கு நேரில் திருப்பித் தர முடியாது. இப்பள்ளியிலிருந்து அடுத்த கருத்தரங்குக்குப் போகும் முதல் ஆசிரியையின் ரயில் கட்டணத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். இதைப் படிக்கும் பழைய மாணவியர் இன்னும் சிலராவது கைகொடுத்தால், அடுத்த ஆண்டு மலரில் அந்த ஆசிரியையின் கட்டுரையை நாம் எல்லோரும் வாசிக்கலாம்.